ஆரி ஒர்க் தொழிலில் கைத்திறனும் வருமானமும் சேர்ந்து வளர: சேலத்துப் பெண்களுக்கான முழுமையான வழிகாட்டி

சேலத்தில் அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை, அஸ்தம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் ‘ஆரி ஒர்க் செய்து தரப்படும்’ என்ற போர்டு தொங்குகிறது. கொக்கி ஊசியால் துணியில் நூலும் மணியும் வைத்துப் போடும் எம்பிராய்டரிதான் ஆரி ஒர்க். அந்த வீடுகளில் இருப்பவர்கள் பலர் வேலை நன்றாகத் தெரிந்தவர்கள். முகூர்த்த மாதம் வந்தால் நடுராத்திரி வரை, துணியை இழுத்து மாட்டும் ஸ்டாண்டை விட்டு எழுந்திருக்காதவர்கள். அப்படி உழைத்தும், மாதக் கடைசியில் நூல் கடை பாக்கியைத் தீர்த்த பிறகு கையில் நிற்பது சொற்பம்.

இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். நூலுக்கும் மணிக்கும் கணக்கு வைக்கிறோம். உட்கார்ந்து வேலை செய்த நேரத்துக்கு வைப்பதில்லை. பக்கத்துத் தெரு ரேட்டைக் கேட்டு, அதில் நூறு ரூபாய் குறைத்துச் சொல்லிவிடுகிறோம். இந்தத் தொழிலில் நாம் போடும் சரக்கிலேயே விலை உயர்ந்தது நம் நேரம். திறமையை வளர்ப்பது, விலை வைப்பது, ஆர்டர் எடுப்பது, ஆள் சேர்ப்பது எல்லாவற்றையும் அந்த நேரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகளையும் அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

படி 1: ஒரு வாரம் நேரத்தை எழுதுங்கள்

ஒரு கோடு போட்ட நோட்டு போதும். ஸ்டாண்டில் உட்காரும்போது மணியை எழுதுங்கள், எழுந்திருக்கும்போது எழுதுங்கள். நடுவில் என்ன வேலை நடந்தது என்று ஒரு வரி: டிசைன் வரைந்தது, ட்ரேஸ் எடுத்தது (டிசைனைத் தாளிலிருந்து துணிக்கு மாற்றியது), பின்கழுத்து, கை பார்டர், புட்டா (சின்னச் சின்னப் பூ), குந்தன் கல் ஒட்டியது. கடைக்குப் போய் நூல் கலர் மேட்ச் பார்த்த நேரமும், வாட்ஸ்அப்பில் கஸ்டமருக்குப் படம் அனுப்பிப் பேசிய நேரமும் இதில் வர வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டையும்தான்.

எழுதிப் பார்த்தால், தைக்காத நேரம் எவ்வளவு என்பது தெரியவரும். ஒரே கலர் நூலுக்காகக் கடைவீதிக்கு மூன்று தடவை போய் வந்திருப்போம். டிசைன் முடிவாகாமல் ஒரு சாயந்திரம் முழுக்கப் படம் அனுப்பிக்கொண்டிருந்திருப்போம். விலை ஏற்றாமலே மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் இதுதான்.

படி 2: மாதிரித் துணிகள்

நான்கு அங்குலச் சதுரத்தில் துணித் துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை: ஜரி செயின் ஸ்டிச் வரிசை, சில்க் திரெட் ஃபில்லிங், வாட்டர் ஃபில்லிங், லோடு ஒர்க் போன்ற நிரப்பு வேலைகள், ஜர்தோசி (உலோகச் சுருள் இழை) இலை, சுகர் பீட்ஸ் (பொடி மணி) பார்டர், கட் பீட்ஸ், கண்ணாடி, ஃபிரெஞ்ச் நாட், குந்தன். துண்டின் பின்பக்கம் ஒரு காகிதம் ஒட்டி, அந்தச் சதுரத்துக்கு எத்தனை நிமிடம் ஆனது, எவ்வளவு மெட்டீரியல் ஆனது, அந்த மெட்டீரியலுக்கு என்ன விலை என்று எழுதி வையுங்கள்.

கஸ்டமர் வந்ததும் போனில் ஆயிரம் படம் காட்டாமல் இந்தத் துண்டுகளைக் கையில் கொடுக்கலாம். தொட்டுப் பார்த்தால் முடிவு சீக்கிரம் வரும். நமக்கும் விலை சொல்லும்போது ஊகம் வேண்டியதில்லை. பின்பக்கத்தைப் பார்த்தால் பின்கழுத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கூட்டிவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே துண்டை மறுபடி போட்டுப் பாருங்கள். நாற்பது நிமிடம் எடுத்த ஜர்தோசி இலை முப்பது நிமிடத்தில் வந்தால் உங்கள் கை வளர்ந்திருக்கிறது என்று பொருள். காகிதத்தில் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். விலையை உடனே குறைக்காதீர்கள்.

படி 3: கைவேலையைத் திருத்துவது

புதுப்புது ஸ்டிச் கற்றுக்கொள்வதுதான் முன்னேற்றம் என்று நினைத்து, ஆன்லைன் வகுப்பு வகுப்பாகச் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது ஸ்டிச் தெரிந்தவரைவிட, எட்டு ஸ்டிச்சை மாசு மருவில்லாமல் போடுகிறவருக்குத்தான் கல்யாண ஆர்டர் திரும்ப வருகிறது. முதலில் அடிப்படையைச் சோதித்துப் பாருங்கள்.

துணி இழுவையில் ஆரம்பிக்கலாம். ஸ்டாண்டில் மாட்டிய துணியை விரலால் சுண்டினால் ‘டப்’ என்று சத்தம் வர வேண்டும். ஒரு ஓரம் இறுக்கமாகவும் இன்னொரு ஓரம் தளர்ச்சியாகவும் இருந்தால், கழற்றிய பிறகு கழுத்து வளைவு கோணிக்கொள்ளும். மெல்லிய துணியாக இருந்தால் கீழே லைனிங் சேர்த்து மாட்டுங்கள். கனமான மணி வேலையைப் பட்டுத் துணி மட்டும் தனியாகத் தாங்காது, நாளடைவில் கிழியும்.

அடுத்தது ஊசி. ஆரி ஊசிக் கைப்பிடியில் இருக்கும் திருகும் ஊசியின் கொக்கியும் ஒரே பக்கம் பார்க்கும்படி மாட்ட வேண்டும். கொக்கி துணிக்குக் கீழே போனதும் கண்ணுக்குத் தெரியாது. திருகைப் பார்த்துத்தான் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியும். கீழே நூலைக் கொக்கியில் சுற்றியதும் ஊசியை அரைச் சுற்றுத் திருப்பி, துணியை லேசாகத் தள்ளிக்கொண்டே மேலே எடுத்தால் இழை மாட்டாது. ‘எனக்கு மட்டும் துணி கிழியுது, நூல் பிரியுது’ என்பவர்களில் பெரும்பாலானோருக்குச் சிக்கல் இந்த அரைச் சுற்றில்தான் இருக்கிறது. ஊசி முனை மழுங்கினால் மாற்றிவிடுங்கள். ஒரு ஊசியின் விலைக்குப் பார்த்து, பல ஆயிரம் ரூபாய்ப் பட்டில் இழை இழுத்துவிடக் கூடாது.

ஸ்டிச் சீராக இருக்கிறதா என்பதை அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஒரு நேர்கோட்டில் செயின் போட்டு, முதல் அங்குலத்தில் எத்தனை கண்ணி, கடைசி அங்குலத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கை நிதானத்துக்கு வந்துவிட்டது. வளைவில் கண்ணி நீண்டால் டிசைன் கோணல் தெரியும், அதனால் வளைவு வரும்போது கண்ணியைச் சின்னதாக்குங்கள்.

முடிச்சு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கஸ்டமரை நிரந்தரமாக இழக்கவைப்பது இதுதான். செயின் ஸ்டிச் கடைசிக் கண்ணியிலிருந்து உருவத் தொடங்கினால் வரிசை முழுக்கப் பிரிந்து வந்துவிடும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் கடைசிக் கண்ணியை ஒட்டி ஒரு சின்னக் கண்ணி முன்னும் ஒன்று பின்னும் போட்டுப் பூட்டி, நூலைப் பின்பக்கம் இறக்கி முடிச்சிட வேண்டும். மணி கோத்த வரிசையில் ஒவ்வொரு ஏழெட்டு மணிக்கும் இடையில் ஒரு பூட்டுக் கண்ணி போட்டுக்கொண்டே போங்கள். எங்காவது நூல் அறுந்தாலும் அந்த ஏழெட்டு மணிதான் போகும், கழுத்து முழுக்க உதிராது. வேலை முடிந்ததும் துணியைத் திருப்பி, எல்லா முடிச்சையும் நகத்தால் லேசாக நெருடிப் பாருங்கள். கழன்று வருவது உங்கள் வீட்டிலேயே கழன்று வரட்டும். முகூர்த்த மேடையில் வேண்டாம்.

பிளவுஸின் இரண்டு கைகளையும் வேறு வேறு நாளில் போட்டால் அடர்த்தி மாறிவிடும். காலையில் புதுக் கையோடு போட்டதும், ராத்திரி களைப்பில் போட்டதும் ஒன்றாக இருக்காது. வலது கையில் முதல் பூ முடித்ததும் இடது கையில் அதே பூவை முடியுங்கள். இப்படி மாற்றி மாற்றிப் போனால், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரே அச்சாகத் தெரியும்.

ட்ரேஸ் எடுக்கும்போது ஜிங்க் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்க்கும் வழக்கம் உள்ளவர்கள், முதலில் துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டுப் பாருங்கள். சில துணிகளில் எண்ணெய்க் கறை நின்றுவிடும். அடுப்பு எரியும் இடத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். வெளிர் நிறத் துணியில் நீலப் பொடியை மிகக் குறைவாகப் பயன்படுத்துங்கள். சேலம் வெண்பட்டில் வேலை வந்தால் இன்னும் கவனம். புவிசார் குறியீடு பெற்ற அந்த வெள்ளைப் பட்டில் ஒரு நீலப் புள்ளி நின்றாலும் கண்ணை உறுத்தும். அதற்குக் கோடு முழுக்க நூலுக்குள் மறைந்துவிடும் டிசைனாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தையல்காரரையும் மறந்துவிடாதீர்கள். பிளவுஸ் தைக்கும் கோட்டிலிருந்து அரை அங்குலம் தள்ளித்தான் மணி வர வேண்டும். கோட்டின் மேலே மணி வந்தால் மெஷின் ஊசி உடையும், இல்லாவிட்டால் மணி நொறுங்கும். முடிந்தால் அளவு பிளவுஸை வைத்துத் தையல்காரரே மார்க் செய்த துணியை வாங்கி வேலையை ஆரம்பியுங்கள். நல்ல தையல்காரர் ஒருவரோடு பழக்கம் இருந்தால் அவர் வழியாக வரும் ஆர்டரே மாதத்தை ஓட்டும்.

படி 4: மெட்டீரியலில் ஏமாறாதிருக்க

‘சில்க் திரெட்’ என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் செயற்கை இழை. அதில் தப்பில்லை, சாயம்தான் சிக்கல். அடர்சிவப்பு, மெரூன், கருநீலம், பச்சை போன்ற நூல்களை வாங்கியதும் ஒரு துண்டு வெட்டி, நனைத்த வெள்ளைத் துணிக்குள் வைத்துச் சுருட்டி, அரை மணி நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் இறங்கியிருந்தால் அந்த நூலை ஒதுக்கிவிடுங்கள். வியர்வையில் அக்குள் பக்கம் முதலில் நிறம் இறங்கும், பழி நம் மேல்தான் விழும்.

தங்க நிற மணிகள் கறுப்பதும் அடிக்கடி வரும் புகார். மலிவான பாலிஷ் மணி, வியர்வையும் சென்ட்டும் பட்டதும் மங்கும். ஏற்காட்டில் இருந்து வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நுழைகிற ஊர் அது. ஜரியையும் மணியையும் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். முடித்த பிளவுஸைப் பிளாஸ்டிக் கவரில் நாள் கணக்கில் அடைத்து வைக்காமல் மெல்லிய பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள். கஸ்டமருக்குப் பராமரிப்புச் சீட்டு ஒன்று வேண்டும்: வேலையின் மேல் நேராக சென்ட் அடிக்கக் கூடாது, இஸ்திரி உள்பக்கம் திருப்பித் துண்டு விரித்துத்தான், குந்தன் மேல் நீராவி கூடாது.

வாங்கும்போது, அதிகம் ஓடும் பத்துப் பன்னிரண்டு நிறங்களையும் ஜரியையும் சுகர் பீட்ஸையும் மட்டும் மொத்தமாக எடுங்கள். மற்றவை ஆர்டர் வந்தபின். அலமாரி நிறைய அழகான மணி இருப்பது முடங்கிக் கிடக்கும் பணம். நூல் கட்டின் நம்பர் சீட்டைத் தூக்கி எறியாமல் நோட்டில் ஒட்டி வைத்தால், பாதியில் தீர்ந்தாலும் அதே நிறம் கிடைக்கும்.

படி 5: விலை போடுவது

சேலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் கொலுசுப் பட்டறையைக் காட்டினால் போதும். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வெள்ளிக் கொலுசு செய்கிறவர்கள் வெள்ளிக்குத் தனி, கூலிக்குத் தனி, சேதாரத்துக்குத் தனி என்று கணக்குப் போடுவார்கள். மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு விலை சொல்லும் பட்டறை கிடையாது. நாமும் அப்படியே போட வேண்டும்.

ஒரு நடுத்தர கல்யாண பிளவுஸை உதாரணமாக எடுப்போம். இந்த எண்கள் முறையை விளக்குவதற்கு மட்டும். உங்கள் நோட்டில் உள்ள எண்களை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மாதச் செலவு. கரண்ட், போன், போக்குவரத்து, ஸ்டாண்டு லைட் தேய்மானம், மாதிரித் துணி எல்லாம் சேர்த்து மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வேலை போக ஒரு நாளைக்கு 5 மணி நேரம், மாதம் 24 நாள் உட்கார முடிகிறது என்றால் 120 மணி நேரம். 2,000-ஐ 120-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 17 ரூபாய். வாடகைக் கடை என்றால் இந்த எண் சட்டென்று ஏறும், அதைப் போட்டுப் பார்க்காமல் கடை பிடிக்காதீர்கள்.

அடுத்து கூலி. உங்கள் கைக்கு மணிக்கு 80 ரூபாய் என்று வைப்போம். 17-ஐச் சேர்த்தால் 97.

இப்போது பிளவுஸ். டிசைன் பேச்சு, கலர் மேட்ச் 1½ மணி, மாட்டி ட்ரேஸ் எடுக்க 1½, பின்கழுத்து 6, முன்கழுத்து 2, இரண்டு கை பார்டர் 7, புட்டா 2, முடிச்சு, சுத்தம், இஸ்திரி 1. ஆக 21 மணி நேரம். மெட்டீரியல் 410 ரூபாய், பத்தில் ஒரு பங்கு சேதாரம் சேர்த்து 450.

21 × 97 = 2,037. அதோடு 450 சேர்த்தால் 2,487. தொழிலை வளர்க்க, நஷ்டம் வந்தால் தாங்க, 15 சதவீதம் லாபம்: 373. மொத்தம் 2,860 ரூபாய்.

பக்கத்துத் தெருவில் இதே வேலைக்கு 2,200 என்றால்? அந்த விலைக்கு நீங்களும் ஒத்துக்கொண்டால், 2,200-இல் மெட்டீரியல் 450-ம் மாதச் செலவுப் பங்கு 357-ம் போக 1,393 மிஞ்சும். 21 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 66 ரூபாய். லாபம் எதுவும் இல்லை. தெரிந்தே இதற்குச் சம்மதிப்பது உங்கள் விருப்பம். தெரியாமல் சம்மதிப்பதுதான் ஆபத்து.

இந்த இடத்தில் திறமை உதவிக்கு வருகிறது. விலையை வெட்டுவதற்குப் பதிலாக டிசைனில் மணி நேரத்தை வெட்டுங்கள். கை பார்டர் முழுக்க லோடு ஒர்க் நிரப்புவதற்குப் பதில், ஓரத்தில் ஜரி வரிசையும் நடுவில் இடைவெளி விட்ட மோட்டிஃபும் (தனித்தனி உருவம்) வைத்தால் மூன்று மணி நேரம் குறையும். புட்டாவை முதுகுப் பக்கம் மட்டும் வைத்து, முந்தானை மறைக்கும் இடத்தில் தவிர்த்தால் இன்னும் கொஞ்சம். இப்படி 21 மணி 16 மணியானால், 16 × 97 = 1,552; மெட்டீரியல் 450; லாபம் 300; மொத்தம் 2,302 ரூபாய். கூலி குறையவில்லை, கஸ்டமரின் பட்ஜெட்டும் கிட்டத்தட்ட நெருங்கிவிட்டது. இந்தத் தந்திரத்தை வேகமாகச் செய்ய மாதிரித் துணிகளின் பின்பக்க எண்கள் கைகொடுக்கும்.

பேரம் வரும்போது கோபப்பட வேண்டாம். ‘அக்கா, அந்தத் தெருவுல ஆயிரத்தைநூறுக்குப் போடறாங்களே, நீங்க என்ன இவ்வளவு சொல்றீங்க?’ என்று கேட்பார்கள். ‘அந்த பட்ஜெட்டுக்கும் போட்டுத் தரலாம் கண்ணு. இதுல கை வேலையைக் குறைச்சுக்கலாம், பின்கழுத்து அப்படியே இருக்கட்டும். பாருங்க, இந்தத் துண்டு மாதிரி வரும்’ என்று சொல்லி மாதிரியை நீட்டுங்கள். அதே டிசைனை அவர்கள் கேட்ட விலைக்குக் குறைத்துக் கொடுத்தால், முதலில் சொன்ன விலை பொய் என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள்.

படி 6: ஆர்டர் சீட்டு

வாய்வார்த்தை ஆர்டர்தான் சண்டையின் வேர். சின்ன பில் புத்தகம் ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். துணி வாங்கிய தேதி, டெலிவரி தேதி, டிசைன் படம், நூல் நம்பர்கள், மொத்தத் தொகை, முன்பணம் இவை அதில் இருக்க வேண்டும். துணியை வாங்கிய உடனே வெளிச்சத்தில் விரித்துப் போட்டோ எடுத்து, கறையோ இழை இழுத்த இடமோ இருந்தால் அப்போதே காட்டி, படத்தை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். பாதித் தொகை முன்பணம் இல்லாமல் துணியை ஸ்டாண்டில் மாட்டாதீர்கள், சொந்தக்காரர்களாக இருந்தாலும். சொந்தக்காரர்களுக்குச் செய்ய நினைத்தால் முழு விலையை எழுதி, அதற்குக் கீழே தள்ளுபடி என்று தனியாக எழுதுங்கள். வேலையின் மதிப்பு அவர்களுக்கும் தெரியும்.

ட்ரேஸ் எடுத்த பிறகு டிசைனை மாற்றினால் கூடுதல் கட்டணம் என்பதைச் சீட்டிலேயே அச்சடித்துவிடுங்கள்.

படி 7: காலண்டரைப் பார்த்து உழையுங்கள்

தினசரி காலண்டரில் முகூர்த்த நாள்களை வட்டமிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் பின்னோக்கி எண்ணுங்கள். தைக்கத் தையல்காரருக்கு ஒரு வாரம், திருத்தத்துக்கு மூன்று நாள், உங்கள் வேலை மணி நேரம், இவை போக மிஞ்சும் தேதிதான் ஆர்டர் எடுக்கக் கடைசி நாள். அதற்குப் பிறகு வந்தால் அவசரக் கட்டணம் வாங்குங்கள், அல்லது மறுத்துவிடுங்கள். தை, பங்குனி, வைகாசி, ஆவணி மாதங்களில் மாதத்துக்கு உங்கள் 120 மணி நேரத்துக்கு மேல் ஆர்டர் எடுத்தால், தரம் இறங்கும் அல்லது தேதி தவறும். இரண்டில் ஒன்று நிச்சயம்.

ஆடி, மார்கழி மாதங்களில் கல்யாணம் இல்லை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் சேலமே கோலாகலமாக இருந்தாலும் நம் ஸ்டாண்டு மட்டும் காலியாகக் கிடக்கும். இந்தச் சந்தர்ப்பத்தைத்தான் பலர் வீணாக்குகிறார்கள்.

இந்த மாதங்களுக்கு நான் முதலில் சொல்வது இளம்பிள்ளை. மொத்தமாகவும் சில்லறையாகவும் சேலை வாங்க வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. விலை குறைந்த சேலைக்கு மூவாயிரம் ரூபாய் பிளவுஸ் வேலை யாரும் கொடுக்கமாட்டார்கள். ஆனால் கழுத்தும் கையும் மட்டும் எளிமையாக வேலை செய்த தயார் பிளவுஸ் துணி, நாலைந்து மணி நேரத்தில் முடிகிற மாதிரி, அந்தச் சேலைகளில் அதிகம் ஓடும் நிறங்களில் தயாரித்து சேலைக் கடைகளுக்குக் கொடுக்கலாம். ஒரே டிசைனைப் பத்து நிறத்தில் போடும்போது ட்ரேஸ் தாள் ஒன்றுதான், கையும் பழகிவிடும். மூன்றாவது நான்காவது துண்டிலேயே நேரம் குறைவதைப் பார்ப்பீர்கள். கடைக்காரர் விற்ற பிறகுதான் பணம் என்றால், முதல் தடவை ஐந்து துண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

மாப்பிள்ளை அங்கவஸ்திர ஓரம், பெயர் போட்ட தாம்பூலப் பை, கொலு நேரத்துக்குத் தோரணம் போன்றவையும் இந்த மாதங்களில் போட்டு வைக்கலாம். ஏற்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு மே மாதக் கோடை விழா ஒரு நல்ல சந்தை. சுற்றுலா வருகிறவர்கள் பிளவுஸ் வாங்கமாட்டார்கள். பெட்டியில் வைத்துக்கொள்கிற சின்னப் பொருள்தான் வாங்குவார்கள். காப்பிப் பழக் கொத்து, மிளகுக் கொடி, ஆரஞ்சு என்று மலையின் அடையாளத்தை வைத்த சுருக்குப் பை, மூக்குக்கண்ணாடி உறை, சாவிக்கொத்து. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், இல்லாவிட்டால் விலை தாங்காது.

போட்டோ பற்றி ஒரு வார்த்தை. காலை வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். இன்ஸ்டாவில் போடும்போது விலை தொடங்கும் தொகையையும் ஊர்ப் பகுதியின் பெயரையும் எழுதுங்கள். ‘விலைக்கு இன்பாக்ஸ்’ என்று எழுதினால் பாதி நாள் பதில் சொல்லியே போகும்.

படி 8: கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்கலாமா?

பலர் கேட்கும் கேள்வி. வாங்குவதற்கு முன், வெளியில் கொடுத்து வாங்கிப் பாருங்கள். நூல் வேலை முழுவதையும் ஏற்கெனவே மெஷின் வைத்திருக்கும் யூனிட்டில் போட்டு வாங்கி, மணி, ஜர்தோசி, குந்தன் மட்டும் கையால் சேர்த்தால் பத்து மணி நேர வேலை நாலு மணியாகும். கஸ்டமரிடம் இது பாதி மெஷின் வேலை என்று சொல்லியே விற்க வேண்டும். சொன்னாலும் வாங்குகிறார்கள், விலை குறைவு என்பதால்.

இப்படி ஆறு மாதம் போட்டு, வெளியில் கொடுத்த கூலி மாதத் தவணை அளவுக்கு ஏறினால் மெஷினைப் பற்றி யோசிக்கலாம். கணக்கு இப்படி: மெஷினை நிமிடத்துக்கு 800 ஸ்டிச்சில் ஓட்டினாலும், நூல் அறுவது, துணி மாற்றுவது எல்லாம் போக அதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 24,000 ஸ்டிச். 12,000 ஸ்டிச் டிசைனுக்கு அரை மணி நேரம். தவணை, கரண்ட், ஆபரேட்டர் சம்பளத்தைக் கூட்டி, நிஜமாக ஓடும் மணி நேரத்தால் வகுத்தால் ஆயிரம் ஸ்டிச்சுக்கு உங்களுக்கு ஆகும் செலவு வந்துவிடும். ஊரில் வாங்கும் ரேட்டோடு ஒப்பிடுங்கள். கல்யாண பிளவுஸை மட்டும் நம்பி மெஷின் வாங்கினால் ஆடியில் தவணை கட்ட முடியாது. ஸ்கூல் பேட்ஜ், கம்பெனி லோகோ போன்ற ஆண்டு முழுக்க ஓடும் வேலை கையில் இருக்க வேண்டும்.

மெஷின் வேலையின் தரத்தைப் பின்பக்கம் பார்த்துச் சொல்லலாம். சாட்டின் வரிசையின் அடியில் நடு மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும், இரு ஓரமும் மேல் நூலும் தெரிந்தால் இழுவை சரி. வேலையைச் சுற்றித் துணி சுருங்கியிருந்தால் துணிக்கு அடியில் வைக்கும் பேக்கிங் பேப்பர் போதவில்லை, அல்லது டிசைன் ஃபைலே அடர்த்தி அதிகம்.

படி 9: ஆள் சேர்ப்பது

ஒரு ஆளை வைத்தால் வருமானம் இரட்டிப்பாகும் என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு மாதம் குறையும், ஏனென்றால் சொல்லிக் கொடுப்பது உங்கள் நேரம். வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: செயின் ஃபில்லிங், சுகர் பீட்ஸ் வரிசை போன்றவை புதியவருக்கு, டிசைன் கோடு, ஜர்தோசி, கடைசி முடிச்சுச் சோதனை உங்களுக்கு. கூலியை வேலைக்கு இவ்வளவு என்று பேசினால், நீங்கள் எடுக்கும் நேரத்தை ஒன்றரை மடங்காக்கி அதற்கு ஒரு நியாயமான மணிக்கூலியைப் போட்டுக் கணக்கிடுங்கள். உங்கள் வேகத்தை வைத்துப் பேசினால் அவருக்குக் கட்டாது, நாலாவது வாரமே நின்றுவிடுவார். வாரச் சம்பளத்தைத் தவறாமல் சனிக்கிழமை கொடுங்கள். கஸ்டமர் பணம் தரவில்லை என்பது உங்கள் பிரச்சினை; அவரை அதில் இழுக்கக் கூடாது.

படி 10: பதிவும் கடனும்

வாடிக்கையாளர் துணியில் வேலை செய்து கொடுப்பது சேவைக் கணக்கில் வரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவைப்படாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு மட்டும் செய்துவிடுங்கள், கடனுக்குப் போகும்போது உதவும். பயிற்சி வேண்டும் என்றால் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் கட்டணம் கிடையாது. கணக்கு எழுதுவதையும் சேர்த்தே சொல்லித் தருகிறார்கள்.

ஏற்கெனவே நடக்கும் தொழிலை விரிவாக்க, சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் பொருந்தும். சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை, அடமானம் இல்லாமல். புதிதாகத் தொடங்குபவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 2022-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி பெண்களுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம். மானியம் நகர்ப்புறத்தில் 25, கிராமப்புறத்தில் 35 சதவீதம். மானியத்தை நம்பித் தேவைக்கு மேல் பெரிய மெஷினுக்குப் போகாதீர்கள், மீதிக் கடனுக்கு வட்டி கட்டப்போவது நீங்கள்தான். உத்யம் பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. ஆதாரும் பான் கார்டும் வைத்துக்கொண்டு அரசின் இணையதளத்தில் நீங்களே போனில் முடித்துவிடலாம். பணம் கேட்டு வரும் தளங்களையும் ஏஜென்ட்டுகளையும் ஒதுக்கிவிடுங்கள்.